ஐந்தாவது இடம் யாருக்கு?

தேர்தல் வந்தாலே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது, தேர்தல் முறையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அடியோடு சரிசெய்ய முடியாது. ஆனால் வாக்கை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு வேட்பாளர் யார் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும் என்பது மாறும். அதுவே பெரிய விஷயம். இதைப் பார்க்கச் சிறந்த இடம் வட அயர்லாந்து. ஒரே சமூகம் ஒரு எண்ணும் முறையைக் கைக்கொண்டு, பிறகு கைவிட்டு, மறுபடியும் கொண்டுவந்திருக்கிறது. மூன்று காலத்தின் விளைவும் ஏட்டில் இருக்கிறது.

பின்னணி சுருக்கமாக. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் ஒரு பக்கம். இவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள். அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள் மறுபக்கம். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். 1960களின் இறுதியில் தொடங்கிய வன்முறையில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். பெல்ஃபாஸ்டில் 1969இல் தற்காலிகத் தடுப்பாக எழுந்த சுவர்களில் பல இன்றும் நிற்கின்றன. சிலவற்றின் கதவுகளை இரவில் பூட்டுகிறார்கள். 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று, இரு தரப்பும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மே மாதப் பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

பிளவு எதனால் இவ்வளவு ஆழமாகப் போகிறது? 1970களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிட்டனில் 14, 15 வயது பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். திரையில் தெரியும் புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொல்லி, அதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி இரண்டு குழுவாக்கினார். உண்மையில் பிரித்தது குலுக்கல் போலத்தான். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட மாணவர்களுக்குத் தெரியாது. பிறகு, மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட்டுத் தரச் சொன்னார். தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதில் வியப்பில்லை. வியப்பு, ஓவிய ரசனையை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி அவர் செய்த அடுத்த சோதனையில்தான்: தன் குழுவுக்கு அதிகப் பணம் கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட இடைவெளி பெரிதாக இருக்கவேண்டும் என்ற வழியைப் பல நேரம் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு எவ்வளவு வந்தது என்பதைவிட, அவனைவிட எவ்வளவு கூட வந்தது என்பதே கண்ணில் நிற்கிறது. புள்ளிக்கும் ஓவியத்துக்குமே இப்படி என்றால், சாவு விழுந்த தெருக்களில் எப்படி இருக்கும்!

நமக்குப் பழக்கமான முறையில், அதிக வாக்கு வாங்கிய ஒருவர் வெல்வார், மற்றவர் வாக்கெல்லாம் அதோடு முடிந்தது. இரண்டு சமூகம் உள்ள தொகுதியில் வேட்பாளர் செய்யவேண்டியது ஒன்றே: தன் ஆட்களைச் சிந்தாமல் சிதறாமல் சாவடிக்குக் கொண்டுவருவது. அதற்கு அன்பைவிடப் பயம் வேகமாக வேலை செய்யும். நடுவில் நிற்பவரைப் பற்றி வாக்காளர்களிடம் “அவருக்குப் போட்டால் வாக்கு வீண், எதிராளி வந்துவிடுவான்” என்று சொல்லியே அவரை ஒழித்துவிடலாம்.

வட அயர்லாந்தில் இருப்பது ஒற்றை மாற்று வாக்கு முறை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. மாநிலங்களவைத் தேர்தலில் ஆறு இடங்களுக்குப் போட்டி என்றால் “ஓர் எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்” என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த 34 இந்த முறையிலிருந்து வருவதுதான். 234ஐ ஆறோடு ஒன்று கூட்டி ஏழால் வகுத்தால் 33.4. அதற்கு மேல் முதல் முழு எண் 34. ஏன் ஆறால் வகுக்காமல் ஏழால்? ஏழு பேர் ஆளுக்கு 34 வாங்க 238 வாக்கு வேண்டும், இருப்பதோ 234. ஆக, 34ஐத் தொடுபவர்கள் ஆறு பேருக்கு மேல் இருக்கவே முடியாது. இந்த எண்ணுக்கு ஒதுக்கீட்டு அளவு என்று பெயர்.

வட அயர்லாந்துப் பேரவையில் இப்போது 18 தொகுதிகள், தொகுதிக்கு 5 பேர், மொத்தம் 90. வாக்காளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுவார். எத்தனை பேருக்கு எழுதுவது என்பது அவர் இஷ்டம்.

எண்ணும் மேசைக்கு அருகே போவோம். கணக்குக்காக ஒரு தொகுதி: செல்லத்தக்க சீட்டுகள் 41,998. ஆறால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் அளவு 7,000. முதல் சுற்றில் சீட்டுகளை ‘1’ இருக்கும் பெயர் வாரியாகக் கட்டுகிறார்கள். பெரிய கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 8,750. வென்றுவிட்டார். உபரி 1,750.

இந்த 1,750ஐ என்ன செய்வது? எந்த 1,750 சீட்டை எடுப்பது? மேலே இருப்பதையா, அடியில் இருப்பதையா? எதை எடுத்தாலும் அதிர்ஷ்டம் புகுந்துவிடும். அயர்லாந்துக் குடியரசின் நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் ஒரு பகுதிச் சீட்டுகளைத்தான் எடுத்து மாற்றுகிறார்கள். வட அயர்லாந்து அழகான வழி ஒன்றை வைத்திருக்கிறது. 8,750 சீட்டும் மாறும். ஒவ்வொன்றும் முழு வாக்காக மாறாது. எல்லாச் சீட்டிலும் ‘2’ எழுதியிருக்கிறது என்று கொள்வோம். 1,750ஐ 8,750ஆல் வகுத்தால் 0.20. ஒவ்வொரு சீட்டும் ஐந்தில் நான்கு பங்கை வென்றவரிடமே விட்டுவிட்டு, மீதி ஒரு பங்கோடு ‘2’ எழுதிய பெயருக்கு நடக்கிறது. இரண்டு தசம இடத்துக்குமேல் கணக்கிடுவதில்லை. அதில் தேயும் துளிகளைத் தனியே குறித்து வைப்பார்கள்.

இந்தச் சீட்டுகளில் 6,000 பேர் ‘2’ஐத் தன் கட்சியின் இன்னொரு வேட்பாளருக்கு எழுதியிருந்தால் அவருக்கு 1,200. நடுநிலைக் கட்சிக்காரருக்கு 2,000 பேர்: 400. எதிர்த்தரப்பு மிதவாதிக்கு 750 பேர்: 150. ஆக மொத்தம் 1,750. யார் வாக்கும் இரண்டு மடங்காகவில்லை, யார் வாக்கும் வீணாகவில்லை. இந்தக் கூட்டுத்தொகை ஒரு துளிகூடப் பிசகாமல் பொருந்துவதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி.

உபரி இல்லாத கட்டத்தில், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த எண்ணுக்கு அனுப்புவார்கள். உபரியாக வந்த சீட்டு வந்த பின்னத்தோடு போகும். மற்றவை முழு மதிப்போடு போகும். இப்படிச் சுற்றுச் சுற்றாக நான்கு இடங்கள் நிரம்பிவிட்டன. ஐந்தாவது இடத்துக்கு இருவர் மிச்சம். தீவிரம் பேசுபவர் முதல் சுற்றில் 5,300 வாங்கியவர். நடுநிலைக்காரர் 4,100தான். பழைய முறையில் கதை முடிந்திருக்கும். ஆனால் தீவிரக்காரருக்கு இத்தனை சுற்றில் சேர்ந்தது 500 மட்டுமே. அவரைப் பிடித்தவர்கள் முதலிலேயே ‘1’ போட்டுவிட்டார்கள், மற்ற யார் சீட்டிலும் அவர் பெயர் இல்லை. நடுநிலைக்காரருக்கு இரு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக 2,050 வந்திருக்கிறது. 6,150க்கு 5,800. ஒதுக்கீட்டு அளவைத் தொடாமலே அவர் வென்றுவிட்டார்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 2022 மே தேர்தலில் எந்தத் தரப்பையும் சேராத அலையன்ஸ் கட்சி வாங்கிய முதல் விருப்ப வாக்கு 13.5 சதவீதம், கிடைத்த இடங்கள் 17. யூனியனிஸ்ட் தரப்பில் மிகக் கடுமையான நிலை எடுக்கும் டி.யு.வி. கட்சி 7.6 சதவீதம் வாங்கியது. கிடைத்தது ஒரே இடம். ஒன்றின் வாக்கு மற்றொன்றைப் போல இரண்டு மடங்குகூட இல்லை, இடங்களோ பதினேழு மடங்கு. வாக்குகள் எப்படிப் பரவிக் கிடந்தன, எங்கே எத்தனை வேட்பாளர்கள் என்பதும் இதில் சேரும். ஆனாலும் பெரிய காரணம், ஒன்றை நோக்கிச் சீட்டுகள் நடந்தன, மற்றொன்றை நோக்கி நடக்கவில்லை.

அதனால்தான் இதை ஒருமுறை ஒழித்தார்கள். 1921இல் இந்த முறையில் நடந்த வட அயர்லாந்தின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் யூனியனிஸ்ட் கட்சி 52இல் 40 இடம் பிடித்தது. 1925இல் அது 32ஆகக் குறைந்தது. தொழிலாளர் கட்சியும் சுயேச்சைகளும் உள்ளே வந்தார்கள். அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் முறையை அன்றைய பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க்கின் அரசு 1929இல் கொண்டுவந்தது. ஆளும் கட்சி 37க்கு ஏறியது, தொழிலாளர் கட்சி மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. நசுங்கியது நடுவில் இருந்தவர்கள்தான். ஒற்றை மாற்று வாக்கு திரும்பி வர 1973 ஆயிற்று, அதற்குள் தெருவில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை எங்கே சறுக்கும்? ஒரு கட்சி தன் பலத்துக்கு மேல் வேட்பாளர்களை நிறுத்தினால் முதல் வாக்குகள் சிதறி, மாற்று வாக்குகள் வந்துசேரும் முன்பே ஆட்கள் நீக்கப்படுவார்கள். சீட்டில் 1, 2, 4 என்று எண் தாண்டி எழுதினால், இரண்டோடு அந்தச் சீட்டின் பயணம் நின்றுவிடும். இரண்டு பேருக்கு ‘1’ போட்டால் சீட்டே செல்லாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல், வாக்காளர் ‘1’ஓடு நிறுத்திக்கொள்வது.

இலங்கையில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். அங்கே இடம் ஒன்றுதான், ஆகவே கணக்கு எளிது: ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம், யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 1978 அரசியலமைப்பிலிருந்தே இருக்கும் விதி இது. அதைப் பயன்படுத்தவேண்டிய நிலை முதன்முதலில் வந்தது 2024 செப்டம்பரில். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்தவை சுமார் 33 லட்சம் வாக்குகள். அவற்றிலிருந்து அனுர குமார திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினாலும் 3 லட்சம் வரவில்லை. சட்டத்தில் விதி இருந்தால் போதாது. ‘2’ எழுதுவதன் பயனை ஒவ்வொரு ஊரிலும் போய்ச் சொல்லித்தர ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

இனி வட அயர்லாந்து ஒப்பந்தத்தின் அடுத்த பாதி. தேர்தலில் நடுவில் இருப்பவர்களை உள்ளே கொண்டுவரும் அதே ஏற்பாடு, அவைக்குள் அவர்களைச் செல்லாக்காசாக்குகிறது. வென்ற உறுப்பினர்கள் பெயரேட்டில் கையெழுத்திடும்போது ‘யூனியனிஸ்ட்’, ‘தேசியவாதி’, ‘மற்றவர்’ என்று ஒன்றைக் குறிக்கவேண்டும். முக்கியத் தீர்மானங்களுக்கு மொத்தப் பெரும்பான்மை போதாது. யூனியனிஸ்டுகளில் பெரும்பான்மை, தேசியவாதிகளில் பெரும்பான்மை, இரண்டும் தனித்தனியே வேண்டும். இல்லையென்றால் மொத்தத்தில் 60 சதவீதமும் ஒவ்வொரு தரப்பிலும் 40 சதவீதமும் வேண்டும். எந்தச் சமூகமும் மற்றொன்றை மிதித்துவிடக்கூடாது என்ற நியாயமான பயத்தில் பிறந்த விதி. ஆனால் தரப்புவாரிக் கணக்கில் ‘மற்றவர்’ வாக்கு சேரவே சேராது.

2001 நவம்பரில் இது உச்சத்துக்குப் போனது. யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளை மறுபடி முதல் அமைச்சராக்க அவையில் பெரும் ஆதரவு இருந்தது, யூனியனிஸ்டுகளுக்குள் மட்டும் பெரும்பான்மை மயிரிழையில் தவறியது. சில நாள் கழித்து, அலையன்ஸ் உறுப்பினர்கள் மூன்று பேர் பெயரேட்டில் தங்களை யூனியனிஸ்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். டிரிம்பிள் தேர்வானார். எந்தத் தரப்பும் இல்லை என்று சொல்லி வாக்கு வாங்கியவர்கள், ஆட்சி கவிழாமல் இருக்க ஒரு தரப்பின் பெயரைப் பூசிக்கொள்ளவேண்டியிருந்தது.

முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் உடையவர்கள். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். இருவரையும் ஒரே மேசைக்கு இழுக்கும் இந்தக் கயிறே ஆட்சியைக் கவிழ்க்கவும் உதவுகிறது. 2017 ஜனவரியில் ஒரு தரப்பு விலகி மூன்று ஆண்டு முடங்கியது, 2022 பிப்ரவரியில் மறுதரப்பு விலகி இரண்டு ஆண்டு.

மக்களோ ஒரு கட்டத்தில் வேறு திசையில் நகர்ந்தார்கள். 1998 முதல் நடந்துவரும் வாழ்க்கைநிலைக் கணக்கெடுப்பில், 2018இல் பாதிப்பேர் தங்களை யூனியனிஸ்டும் அல்ல, தேசியவாதியும் அல்ல என்றார்கள். ஒரே கேள்வியைப் பல ஆண்டு விடாமல் கேட்டதால்தான் இது தெரிந்தது. விண்கலத்துக்கு நிதி ஒதுக்கும்போது பெருமைப்படுகிறோம், படவேண்டியதுதான். ஆனால் மக்கள் ஏன் பிரிகிறார்கள், எப்போது சேர்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் அளக்கும் ஆய்வும் அதே அக்கறையோடு பணம் போட்டு நடத்தவேண்டிய அறிவியல். ஒரு கலவரத்தின் செலவோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் மிகச் சிறியது.

பெயரேட்டை எடுத்துவிட்டால் பாதுகாப்புக்கு என்ன செய்வது? 2022இல் வந்த அவையை வைத்தே பார்க்கலாம்: யூனியனிஸ்டுகள் 37, தேசியவாதிகள் 35, மற்றவர் 18. வெறும் 60 சதவீதம் என்று வைத்தால் தேவை 54. யூனியனிஸ்டுகளும் அலையன்ஸின் 17 பேரும் சேர்ந்தாலே சரியாக 54. தேசியவாதி ஒருவர்கூட இல்லாமல் தீர்மானம் நிறைவேறிவிடும். ஆபத்து. மூன்றில் இரண்டு என்று வைத்தால் தேவை 60. யூனியனிஸ்டுகளோடு மற்றவர் அத்தனை பேரும் சேர்ந்தாலும் 55, தேசியவாதிகளோடு சேர்ந்தால் 53. எந்தப் பக்கம் தொடங்கினாலும் எதிர்த்தரப்பிலிருந்து குறைந்தது ஐந்து பேரையாவது போய் அழைத்துவரவேண்டும். 18 பேரின் வாக்கும் மற்றவர் வாக்கைப் போலவே எண்ணப்படும், பெயரேட்டில் யாரும் எதையும் குறிக்க வேண்டியதில்லை.