மாஸ்டருக்கு பெருங்காய வாசனை தெரியல

கல்யாண சமையல் மாஸ்டர் ஒருத்தர், ஹெல்மெட் போடாம வண்டில போய் விழுந்து தலையில அடி, ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு என்கிட்ட தெரபிக்கு வந்தாரு (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்திருக்கேன்). நடக்குறாரு, பேசுறாரு, பாக்க வர்றவங்க எல்லாம் "நல்லாத்தானே இருக்காரு"ன்னு சொல்லிட்டு போறாங்க. வீட்டம்மா மட்டும் என்னை தனியா கூப்பிட்டு, "சோறு வச்சா தட்ட தள்ளி விடுறாரு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு, இவரு எங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்ல மேடம்"னாங்க.

தெரபி கிச்சன்ல ரசம் தாளிக்க சொன்னேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் கரெக்டா அடுப்ப குறைச்சாரு. அப்புறம் பெருங்காய டப்பாவ திறந்து மூக்குகிட்ட கொண்டு போனாரு, திரும்ப ஒருதடவ, இன்னும் கிட்ட. டப்பாவ மூடி வச்சிட்டு சுவத்த பாத்து நின்னுட்டாரு.

மூக்குக்கு மேல சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கு, அது வழியாத்தான் வாசனை நரம்புங்க நூல் நூலா மூளைக்கு போகுது, தலை வேகமா குலுங்கினா அறுந்துடலாம். கை கால் எல்லாம் பாப்போம், வாசனைய கேக்க பல நேரம் விட்டுப்போயிடுது. கேஸ் லீக் ஆனாலும் பால் கெட்டாலும் தெரியாது, அதனால தலையில அடிபட்டவங்க வீட்ல தயவுசெஞ்சு கேட்டு பாருங்க.

அவரு அழுதாரு. வீட்டம்மா உடனே "உயிர் பிழைச்சதே பெருசு, அழாதீங்க"ன்னாங்க. பாசத்துல சொல்றதுதான், ஆனா அது அவர் வாய அடைச்சிடுது. செத்தா பத்தாம் நாள் காரியம்னு ஒண்ணு இருக்கு, நாலு பேர் துக்கம் விசாரிக்க வருவாங்க, ஆள் உயிரோட இருந்து பழைய ஆள் காணாம போனா யாரு வருவா? பாலின் பாஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதுக்கு ஆம்பிகுவஸ் லாஸ், அதாவது தெளிவில்லாத இழப்புன்னு பேர் வச்சாங்க. இவருக்கும் அந்த துக்கம், அந்தம்மாவுக்கும் அதே துக்கம், ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்காம இருந்தாங்க.

ஒரு நோட்டு வாங்கி அவர் கதைய அவரையே சொல்ல சொல்லி எழுத ஆரம்பிச்சோம். 1943ல தலையில குண்டு பாய்ஞ்ச ஸஸெட்ஸ்கினு ஒரு சோவியத் சிப்பாய், லூரியாங்கிற மூளை-மனம் சம்பந்தப்பட்ட சோவியத் நிபுணர்கிட்ட சிகிச்சைக்கு வந்தவரு, தான் எழுதினத தானே படிக்க திணறினாலும் ஏறக்குறைய 25 வருஷம் விடாம தன் கதைய எழுதினாரு, சுமார் 3000 பக்கம்.

மாஸ்டர் சில நாள் "நேத்து ஒரு கல்யாணம் முடிச்சேன்"னு சொல்வாரு. அது பொய் இல்லைங்க, ஞாபகத்துல இருக்குற ஓட்டைய மூளையே எதையோ வச்சு அடைக்குது, கன்ஃபேபுலேஷன்னு சொல்வோம். சண்டை போடாம, நேத்து என்ன நடந்துச்சுன்னு நோட்டுல சேந்து பாப்போம்.

போன வாரம் வீட்டம்மா தனக்கும் ஒரு பக்கம் கேட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்குவாளில கேசரியோட வந்து பிள்ளைங்கள எழுப்புவாருன்னு எழுதி, வாசிச்சு காட்டினாங்க. மாஸ்டர் கேட்டுட்டே இருந்தவரு, "முந்திரி ஜாஸ்தி இருக்குற பக்கமா அள்ளிட்டு வருவேன், அதையும் எழுது"ன்னாரு.