கணையத்தில் வெந்த மீன்

ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் பாலத்தின் ஓரமாக ஒரு பெட்டிக்கடை. கூரையில் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடி. கடைக்காரர் வெள்ளி நிறத்தில் ஒரு மீனை எடுத்தார். சிறு கத்தியால் வயிற்றை வழித்தார், தோலை உரித்தார், நடுமுள்ளை உருவினார். வால் மட்டும் ஒட்டியிருக்க இரண்டு பாதியாகப் பிரிந்த மீனைக் காகிதத் தட்டில் கிடத்தி, பொடியாக அரிந்த வெங்காயத்தை ஒரு கரண்டி தூவி நீட்டினார். இத்தனைக்கும் கால் நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். அடுப்பு எங்கே என்று என் கண் தேடியதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பொரித்த மீன்தான் வேண்டுமென்றால் ‘கிபலிங்’ இருக்கிறது என்று பக்கத்துத் தட்டைக் காட்டிவிட்டு, “ஆனால் இது பச்சை மீன் இல்லை, பக்குவமாகிவிட்ட மீன்” என்றார்.

வியாபாரப் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு விசாரித்தபோதுதான் மனிதர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை என்று தெரிந்தது. நெருப்பு செய்ய வேண்டிய வேலையை அந்த மீனுக்குள் வேறொன்று செய்து முடித்திருந்தது.

மீனின் பெயர் ஹெர்ரிங். மத்தி என்றும் சாளை என்றும் நாம் சொல்லும் மீனுக்கு உறவு. அதே மெலிந்த உடல், கூட்டம் கூட்டமாகத் திரியும் அதே குணம், கையில் ஒட்டும் அதே எண்ணெய்ப் பசை. வடகடலில் குளிர்காலம் முழுவதும் ஹெர்ரிங் அரைப்பட்டினி கிடக்கும். உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் கரைந்து, வசந்தம் தொடங்கும்போது ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் மிச்சம் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுகிறது. கடலில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று துடுப்புக்காலிகள் கொழுக்கின்றன. அரிசிக் குறுணை அளவே உள்ள இந்த உயிரிகள் அடுத்த குளிர்காலத்துக்காக உடம்பில் மெழுகைச் சேர்த்து வைப்பவை. ஹெர்ரிங் கூட்டம் அவற்றுக்குள் வாயைத் திறந்தபடி நீந்துகிறது. தின்ற மெழுகைத் தன் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. சில வாரங்களிலேயே கொழுப்பு உடல் எடையில் 20 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

இந்தச் சில வாரங்கள்தான் எல்லாமே. வடகடல் ஹெர்ரிங்கில் பெரும்பகுதி கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் முட்டையிடுபவை. கோடை ஏற ஏற, சேர்த்த கொழுப்பு சினைக்கும் விந்துப்பைக்கும் போய்விடும், சதை வறளும். கொழுப்பு ஏறிய பிறகு, சினை பிடிப்பதற்கு முன், என்ற இடைவெளியில் பிடித்த மீனுக்கு டச்சுக்காரர்கள் ‘மாட்யஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கன்னி’ என்ற பொருள் தரும் பழைய சொல்லின் திரிபு அது. ‘ஹாலந்தின் புதுமீன்’ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் கொழுப்பு குறைந்தது 16 சதவீதம் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் அது வெறும் ஹெர்ரிங். இதில் ஒரு வேடிக்கை: இந்தத் தேசிய உணவைப் பிடித்து வருபவை பெரும்பாலும் டென்மார்க், நார்வே நாட்டுப் படகுகள். மீன் வெளியூர், கைப்பக்குவம் மட்டும் ஹாலந்து.

அந்தக் கைப்பக்குவம் என்ன? மீனை முழுதாக ஆயாமல் விடுவது.

நாம் மீன் ஆய்ந்தால் வயிற்றைக் கீறிக் குடல், ஈரல் எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு அலசுவோம். டச்சு முறையில் வயிற்றில் கத்தி படாது. குட்டையான கத்தியைத் தொண்டையருகே செருகி ஒரு சுண்டு. செவுளும் இதயமும் இரைப்பையும் குடலின் ஒரு பகுதியும் ஒன்றாக வெளியே வந்துவிடும். இரத்தமும் வடிந்துவிடும். ஆனால் இரைப்பை குடலோடு சேரும் இடத்தில் விரல் விரலாகத் தொங்கும் சிறு பைகளை உள்ளேயே விட்டுவிடுவார்கள். மனிதருக்கு இருப்பதுபோல் ஹெர்ரிங்குக்குக் கணையம் தனி உறுப்பாக இல்லை. இந்த விரல்களைச் சுற்றியே அதன் திசு சிதறிக் கிடக்கிறது. பைகளை விட்டுவைப்பது என்றால் கணையத்தை விட்டுவைப்பது.

இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர் 14ஆம் நூற்றாண்டில் ஸேலாந்து மாநிலத்தின் பீர்விலீட் ஊரில் வாழ்ந்த வில்லெம் பியூகல்ஸோன் என்ற மீனவர் என்பது கதை. 1556இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸே அவருடைய கல்லறையைத் தேடிப்போய் மரியாதை செய்தார் என்பார்கள். ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாக மீன் ஆய்ந்த கைகளுக்கு, அவசரத்தில் அரைகுறையாகச் சுத்தம் செய்த மீன்தான் ருசி என்று தெரிய ஒரு தனி மேதை தேவையா என்ன?

கணையம் செரிமான நொதிகளின் கிடங்கு. அவற்றில் முக்கியமானது ட்ரிப்சின். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை. அதில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு மணிகள் வரும் இடங்களைப் பார்த்து ட்ரிப்சின் வெட்டும். மீன் உயிரோடிருக்கும்போது வெட்டப்படுவது இரையின் புரதம். இறந்த பிறகு நொதி மெல்ல மெல்லக் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. அங்கேயும் அதே வேலைதான். தசைநார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டுகள் அங்கங்கே அறுபடுகின்றன. சதைச் செல்களுக்குள் முன்பே இருக்கும் வேறு நொதிகளும் கைகொடுக்கின்றன. பச்சை மீனுக்கே உரிய ரப்பர்த்தன்மை போய், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினாலே வழுக்கிப் பிரியும் பதம் வருகிறது. குடல் துளியும் இல்லாமல் சுத்தமாக ஆய்ந்த ஹெர்ரிங்கை அதே உப்பில் அதே நாட்கள் வைத்தாலும் இந்தப் பதம் வருவதில்லை. உப்பு ஏறிய பச்சை மீனாகவே கிடக்கும்.

நெருப்பு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. சூடு பட்ட புரதம் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னி இறுகும். வேகும்போது மீன் சதை வெள்ளையாகிக் கெட்டிப்படுவது அதனால்தான். இங்கே எதுவும் இறுகுவதில்லை, தளர்கிறது. கடைக்காரர் நீட்டிய மீன் வெந்த மீன்போல உதிராமலும், பச்சை மீன்போல இழுபடாமலும், இரண்டுக்கும் நடுவில் வெண்ணெய்போல இருந்ததன் காரணம் இதுவே.

நொதிகளுக்குச் சூடு வேண்டாமா, குளிர்ந்த பீப்பாய்க்குள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்கலாம். நம் கணையத்து ட்ரிப்சின் 37 டிகிரி உடல் வெப்பத்துக்குப் பழகியது. பனிக்கட்டிக்கு அருகே கொண்டுபோனால் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். ஹெர்ரிங்குக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. கடல் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் அதன் குடலும். அந்தக் குளிரில் இரையைச் செரிக்கப் பழகிய நொதிக்குக் குளிர்பெட்டி ஒரு பொருட்டே இல்லை.

பொருட்டாக இருப்பது உப்பு. நொதியை அதன் போக்கில் விட்டால் பதம் தாண்டிக் கூழாகிவிடும். மும்முரமாக இரை தின்றுகொண்டிருக்கும் பருவத்து மீனில் நொதியின் வீரியமும் அதிகம். கவனிக்காமல் விட்டால் பிடித்துச் சில மணி நேரத்திலேயே வயிறு வெடித்துவிடும். உப்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது, சதையிலிருந்து நீரை இழுத்துக் கிருமிகளையும் ஒதுக்கி வைக்கிறது. உப்பு கூடக்கூடப் பக்குவமாகும் நாளும் கூடும். அந்தக் காலத்து மீன் கடுமையான உப்புநீரில் மாதக்கணக்கில் கிடந்து, ஐரோப்பா முழுவதும் பீப்பாய் பீப்பாயாகப் பயணம் செய்தது. ஆம்ஸ்டர்டாமே ஹெர்ரிங் முள்ளின்மேல் கட்டிய நகரம் என்று ஒரு சொலவடை உண்டு. இன்றைய மாட்யஸில் உப்பு மிகக் குறைவு. ஓரிரு நாளிலேயே பக்குவமாகிவிடுகிறது.

பதம் சரி, ருசி? அறுந்த புரத மாலைகளிலிருந்து சிறு துண்டுகளும் தனி அமினோ அமிலங்களும் உதிர்கின்றன. மீன் இறந்தபின் தசையின் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து உருவாகும் ஐனோசின் மோனோபாஸ்பேட்டும் இவற்றோடு சேரும்போது, இரசத்தின் தெளிவில் ஊறியிருக்கிற மாதிரியான ஒரு நிறைவு நாக்கில் நிற்கிறது. மேலே கொழுப்பு. குளிர்ந்த கடலில் வாழும் மீனின் கொழுப்பு உறைந்துபோனால் அது நீந்த முடியாது. ஆகவே அது குளிரிலும் திரவமாகவே இருக்கும் வகை. குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்துத் தின்றாலும் வாயில் மெழுகு படியாது.

இனி பயணிகள் எல்லோரும் உள்ளூரப் பயப்படும் விஷயம்: புழு. பயம் நியாயமானது. அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்பருவம் சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்தில், கடிகாரச் சுருள்வில்போலச் சுருண்டு மீனின் குடலருகே கிடக்கும். திமிங்கிலத்தின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது, வழிதவறி மனித வயிற்றுக்கு வந்தால் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். தாங்க முடியாத வலி. மனித நோயாக இதை 1960இல் முதலில் விவரித்தவர்கள் ஃபான் தீல் தலைமையிலான டச்சு ஆய்வாளர்களே. அத்தனை நூற்றாண்டு தின்றவர்களுக்கு வராத தொல்லை அப்போது திடீரென்று ஏன் வந்தது? முன்பு படகிலேயே, பிடித்த சூட்டில் மீனை ஆய்ந்து உப்பிட்டார்கள். பிறகு பனிக்கட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து ஆயத் தொடங்கினார்கள். மீன் இறந்ததும் புழு குடலை விட்டுச் சதைக்குள் நகரும். அந்தத் தாமதம் அதற்குப் போதுமான அவகாசம். இலேசான உப்புக்கும் அது சாகாது. 1968இல் நெதர்லாந்து சட்டம் போட்டது: விற்பனைக்கு முன் ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைத்தாக வேண்டும். புழுவின் கதை அதோடு முடிந்தது. நான் தின்ற மீனும் உறைநிலைக்குப் போய் வந்ததுதான். “கடலிலிருந்து இன்றுதான் வந்தது” என்று யாராவது பெருமையடித்தால் நம்ப வேண்டாம். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

கெட்டியான உப்பு போய் இலேசான உப்பு வந்ததற்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டு. கெடாமல் காக்கும் பொறுப்பைக் குளிர் ஏற்றுக்கொண்டதால், உப்பு ருசிக்கு மட்டும் போதுமானதாகிவிட்டது. மாட்யஸ் ஆண்டு முழுவதும் கிடைப்பதும் இதனால்தான்.

குளிராலும் முழுதாகத் தடுக்க முடியாத எதிரி ஒன்று இருக்கிறது: காற்று. குளிரிலும் திரவமாக இருக்கும் கொழுப்பு என்றேனே, அதற்கு விலையாக அது ஆக்சிஜனோடு மிக எளிதில் சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும். இரத்தத்தின் இரும்பு அதைத் துரிதப்படுத்தும். செவுள் வழியே இரத்தத்தை வடித்துவிட்டதன் அருமை இங்கே தெரியும். தோலை உரித்து முள்ளை எடுத்த கணத்திலிருந்து சதை முழுவதும் காற்றில் திறந்து கிடக்கிறது. ஆகவே நம் கண்முன் அரிந்து தரும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். சோம்பல்பட்டு ஒரு முறை ஒரு பல்பொருள் அங்காடியில் முன்பே அரிந்து அடைத்த தட்டை வாங்கினேன். பழைய எண்ணெயில் பொரித்த அப்பளம்போல வாடை. ஊர்க்காரர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று அந்தத் தட்டுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நல்ல மீனின் வெட்டுப்பக்கம் மினுமினுக்கும், நடுமுள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு ஓடும். மங்கிப் பழுப்பேறியிருந்தால் கிபலிங்கே மேல்.

வெங்காயம் அலங்காரத்துக்கு இல்லை. அரியும்போது பிறக்கும் கந்தகக் காரம் கொழுப்பின் திகட்டலை வெட்டும். ஆம்ஸ்டர்டாமில் மீனைத் துண்டு போட்டு, வினிகரில் ஊறிய வெள்ளரியும் வைப்பார்கள். மீன் கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன், அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட ஒரு காரப்பொருள்; புளிப்பு பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி மூக்கை எட்டாமல் போய்விடும். நாம் மீன் குழம்பில் புளி கரைப்பதும் ஏறத்தாழ இதே கணக்கு. மற்ற ஊர்களில் வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து, மேலிருந்து வாய்க்குள் இறக்குவதே மரபு. துண்டு போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றினாலும், நான் அண்ணாந்துதான் தின்றேன்.

போவதென்றால் ஜூன் நடுப்பகுதிக்கு மேல் போகலாம். பருவத்தின் முதல் பீப்பாய் ஏலம் விடப்பட்டு, பணம் அறச்செயலுக்குப் போன பிறகே புதுமீன் கடைக்கு வரும். 1947 முதல் ஸ்கெவனிங்கன் துறைமுகத்தில் ‘கொடி நாள்’ என்று இதற்கொரு திருவிழாவே நடக்கிறது. லைடன் நகரத்தில் அக்டோபர் 3ஆம் தேதி ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் இலவசமாகக் கிடைக்கும். 1574இல் ஸ்பானிய முற்றுகை விலகியபோது பட்டினி கிடந்த ஊருக்குள் வந்து சேர்ந்த முதல் உணவின் நினைவு. அளவுமீறிப் பிடித்ததால் வடகடலில் ஹெர்ரிங் ஏறக்குறைய அற்றுப்போய், 1977இல் மீன்பிடிப்பையே சில ஆண்டுகள் மூடிவைத்த கதையும் உண்டு. ஹெர்ரிங் ஊருக்குள் வந்தால் வைத்தியர் ஒதுங்கிக்கொள்வார் என்பது அவர்கள் பழமொழி. ஹெர்ரிங் வராத, வைத்தியர் ஒதுங்காத அந்த ஆண்டுகள் எப்படிப் போயினவோ.

கடைசியாக ஒன்று. வயிற்றை வழிக்கும்போது கத்தி முனையில் கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு வரும். கடைக்காரர் பார்க்காமலே ஓரத்துச் சட்டியில் தட்டிவிடுவார். கணையம் அதோடு போயிற்று. துறைமுகப் பக்கம் என்றால் கடற்புறாக்கள் அதற்காகக் காத்திருப்பதாகத் தோன்றும். அவை பார்ப்பது உங்கள் தட்டை. அண்ணாந்து வாலைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கை தட்டின்மேல் இருக்கட்டும்.