நீரோடையைக் கடக்கும் ஜீப்பும் அதன் காற்றுக்குழாயும்

தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது நீலகிரியின் மேற்குச் சரிவில் ஓடைகள் சில மணி நேரத்திலேயே தரைப்பாலங்களை மூடிவிடுகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் சாலைகளில் ஓடும் ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு, முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை ஏறிநிற்கும் 'ஸ்நார்க்கல்' என்னும் காற்றுக்குழாய் தேவைப்படுவது இதனால்தான். கடையில் வாங்காமல் உள்ளூர்ப் பட்டறையிலேயே இதைச் செய்துகொள்ள முடியும். ஆனால் அது எதைத் தடுக்கிறது, எப்படித் தடுக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2.5 லிட்டர் கொள்ளளவும் 18:1 அமுக்க விகிதமும் (அதாவது, 18 பங்கு காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவது) கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேல் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 37 மில்லிலிட்டர் மட்டுமே. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கி அடங்கிவிடும், தண்ணீர் அமுங்காது. அந்த அளவைத் தாண்டிய நீர் ஒரு சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் பாதி வழியில் நிற்கிறது, சுழற்சியின் வேகமோ அதை மேலே தள்ளுகிறது, பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு நடுவில் சிக்கி வளைகிறது. பல வண்டிகளில் காற்று புகும் வாய் முகப்பு விளக்கின் உயரத்தில்தான் இருக்கிறது. ஓடையில் இறங்கும் வண்டி தனக்கு முன்னால் எழுப்பும் அலையே அந்த உயரத்தை எட்டிவிடக்கூடும்.

வாயைக் கூரைக்கு உயர்த்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில், உயரத்தைவிட மூட்டுகளே முக்கியம். ஏர் ஃபில்டர் பெட்டி பானட்டுக்குள், நீர்மட்டத்துக்குக் கீழே வரக்கூடிய இடத்தில்தான் தொடர்ந்து இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சுவதால் அதற்குள் அழுத்தம் எப்போதும் வெளியழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. பெட்டியின் மூடியிலோ ஹோஸ் இணைப்பிலோ சிறு இடைவெளி இருந்தாலும், வண்டி மூழ்கும் நேரத்தில் நீரை வெளியழுத்தம் உள்ளே தள்ளும். பெட்டியின் அடியில் தூசியும் நீரும் வடிவதற்காக வைக்கப்பட்டிருக்கும் சிறு துளையோ ரப்பர் வால்வோகூட இதற்கு வழிவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது குழாயின் விட்டம். மேற்சொன்ன எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஏறத்தாழ 3750 லிட்டர் காற்றைக் கேட்கும். 75 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அக்காற்று விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் போகும். 50 மில்லிமீட்டர் குழாயிலோ சுமார் 32 மீட்டர். வளைவுகளில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சிறிய குழாயில் அது ஐந்து மடங்காகிறது. மலையில் இது இன்னும் உறைக்கும். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ இல்லாத பழைய ஜீப் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, குறுகிய குழாய் அதைக் கரும்புகை கக்க வைத்துவிடும். ஆகவே குழாய் அகலமாகவும், வளைவுகள் குறைவாகவும், இருப்பவை நீண்ட வட்டத்தில் திரும்புபவையாகவும் இருக்கட்டும்.

பி.வி.சி. குழாய் மலிவு, ஒட்டுவதும் எளிது. ஆனால் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்குவதால் பானட்டுக்குள், அதிலும் புகைக்குழாய்க்கு அருகே, அதைப் பயன்படுத்தக் கூடாது. வெளியே நிற்கும் பகுதிக்கு அது போதும், வெயிலில் நொறுங்காதிருக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டால். உள்ளே கம்பிச்சுருள் பதித்த ரப்பர் ஹோஸ்தான் சரி: எஞ்சின் தன் மவுண்டில் ஆடுகிறது, பாடி ஆடுவதில்லை, அந்த வேறுபாட்டை வளையக்கூடிய ஹோஸ் தாங்கிக்கொள்ளும்; உறிஞ்சலில் அது ஒட்டிப்போகாமல் கம்பி காக்கும். ஒவ்வொரு முனையிலும் தரமான கிளாம்ப், மட்கார்டைத் துளைத்த இடத்தில் துருப்பிடிக்காதிருக்கப் பிரைமர், மேலே முன்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பிராக்கெட்.

குழாயின் தலைக்கு டிராக்டரில் வரும் கிண்ண வடிவ பிரீ-கிளீனரைப் பொருத்துவது நல்ல யோசனை. அது காற்றைச் சுழற்றித் தூசியையும் மழைத்துளியையும் பிரிக்கிறது. மசினகுடியின் கோடைப் புழுதியில், முன்னே போகும் வண்டியின் தூசிக்கு மேலிருந்து காற்று எடுப்பதே பெரிய பயன்; மழையைவிடப் புழுதிக்காகவே ஸ்நார்க்கல் வைப்பதுகூட நியாயம்தான். வாயை முன்னோக்கி வைத்தால் காற்று தானாகத் திணிக்கப்படும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் அடிப்படை இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் அதனால் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் உதகைக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பொருத்தி முடித்ததும் எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு, குழாயின் வாயை ஒரு தட்டைப் பலகையால் முழுவதும் மூடிப் பாருங்கள். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் எஞ்சின் ஓரிரு விநாடிகளில் அணைந்துவிடும். தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. அதே வழியில் நாளை தண்ணீர் நுழையும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை ஓடையில் இறக்கவே கூடாது.

தேறிய வண்டிக்கும் எல்லை உண்டு. எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், சூடாக இருக்கையில் குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத்துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். பிரீதருக்கு ஒரு சிறு குழாய் மாட்டி பானட்டின் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மின்னிணைப்புகளை நீரிலிருந்து காக்கவோ, வண்டியை அடித்துச் செல்லும் வெள்ளத்தின் விசையைத் தடுக்கவோ ஸ்நார்க்கலால் முடியாது. வேகமாக ஓடும் 60 சென்டிமீட்டர் நீரே பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். மேலும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே மட்கார்டில் துளையிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சின் நீருக்குள் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்து, முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் இன்ஜெக்டர்களையோ ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.