விசுவாசம்: சொல்லும் பொருளும்

விசுவாசம் வடமொழியிலிருந்து வந்த சொல். மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ச்வஸ்' என்பது அதன் வேர். பயமில்லாமல் மூச்சுவிடுகிற நிலை, அதிலிருந்து ஒருவரை நம்புதல் என்று பொருள் விரிந்தது. பேச்சு வழக்கில் 'விசுவாசமான வேலையாள்' என்கிறோமே, அங்கே அது உண்மையாய் நடப்பதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்டிஸ்' இந்த இரண்டு பொருளையும் தாங்கும்.

ஒரு கிறிஸ்தவர் வயதாக ஆக, இந்தப் பொருள்களுக்கிடையே நகர்ந்துகொண்டே இருக்கிறார். சிறுவயதில் விசுவாசம் என்றால் சபையின் அடிப்படை நம்பிக்கைகளைத் தொகுத்துச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்வது, ஜெபித்தால் கேட்டது கிடைக்கும் என்று நினைப்பது. அப்புறம் பதில் வராத ஜெபங்கள் வருகின்றன. அந்த வயதில்தான் மாற்கு 9:24 புரியத் தொடங்குகிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." நோயுற்ற மகனோடு வந்த தகப்பன் சொன்னது இது. விசுவாசமும் சந்தேகமும் ஒரே மூச்சில் வருகின்றன. இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். சந்தேகம் வந்துவிட்டதே என்று தவிக்கிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய வசனம் இது.

முதுமைக்குப் பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லான 'எமுனா' பொருந்துகிறது. உறுதி, நிலைத்திருத்தல் என்று அதற்குப் பொருள். 'ஆமென்' பிறந்ததும் அதே வேரில்தான். யாத்திராகமம் 17-இல், போரின்போது உயர்த்திய மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை ஒரே நிலையாய் இருந்தன என்ற இடத்தில் வருவது இந்த எமுனாதான். அவர் கைகள் ஓய்ந்துபோயிருந்தன. ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். பிறர் தாங்க நிலைத்திருப்பதற்கும் வேதம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது!

சரி, விசுவாசத்துக்குத் தமிழ்ச் சொல் எது? நம்பிக்கைதான். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம். ஆக, நம்புதலுக்குள் ஆதியிலேயே அன்பு இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. 1 கொரிந்தியர் 13:13-ஐப் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்போ 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றதில் முதலாவது. அதனால் 'நம்பிக்கை' என்று எழுதுகிறவர்கள் இரண்டாவதை 'எதிர்நோக்கு' என்றே எழுத வேண்டும். நிலைத்திருத்தலை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பற்றுறுதி' இன்னும் பொருத்தம்.