பெற்ற வயிறும் மூளைக்குள் ஒரு தீவும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பா தொலைக்காட்சி நாடகம் பார்த்தே கண் கலங்குகிறவர். ஆனால் மூத்த மகள் குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறாள் என்று தெரிந்ததும், "இது நடிப்பு. பிள்ளை பெத்த பொம்பிளையள் எல்லாரும் இப்பிடியே படுத்துக் கிடக்கினம்?" என்றாராம். மகன் வேலை போய் மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்தபோது, "பாவம் பெடியன், மனம் உடைஞ்சு போனான்" என்று சொன்னவரும் அவர்தான். அக்கா தன் கிளினிக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். "ஒரே மனுசனுக்குள் இது எப்படி?" என்பது வாசகியின் கேள்வி.

அந்தக் கலண்டர் உறை ஏன் என்று கொழும்பில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகம் இருக்கும் இடத்தின் பெயரே இங்கே ஒரு வசைச்சொல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சொல்லும்.

முதலில் அக்காவின் நோய். பிரசவம் முடிந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களும் மளமளவென்று இறங்குகின்றன. தூக்கமும் கெடுகிறது. உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, அண்மையில் பிரசவித்த தாய்மாரில் சுமார் 13 வீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பாலானது மனச்சோர்வு. வளர்முக நாடுகளில் இது 20 வீதத்தை நெருங்குகிறது. மருந்து உண்டு, குணமும் உண்டு. சரி, இனி அப்பாவிடம் வருவோம்.

அடுத்தவர் வலியை நம் மூளை எப்படி உணர்கிறது என்று பார்க்க, 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் டானியா சிங்கர் என்ற ஆய்வாளர் 16 ஜோடிகளை அழைத்தார். பெண்ணை, மூளை இயங்குவதைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, அவளுடைய துணைவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேருடைய வலது கையிலும் மின்முனை. ஒரு கண்ணாடி வழியாக அவளுக்கு இரண்டு கைகளும் தெரியும். இந்த முறை மின்னதிர்ச்சி யாருக்கு என்பதை நிற அம்பு ஒன்று காட்டும்.

வலி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை மூளை இரண்டாகப் பிரித்து எழுதுகிறது. எந்த இடம், எவ்வளவு உறைப்பு என்பது ஒரு கணக்கு. எவ்வளவு வேதனை என்பது வேறொரு கணக்கு. தன் கையில் அதிர்ச்சி பட்டபோது அந்தப் பெண்களின் மூளையில் இரண்டும் விழித்தன. துணைவருக்குப் பட்டபோது முதல் கணக்கு அசையவேயில்லை, கையில் ஒன்றும் படவில்லையே! ஆனால் இரண்டாவது கணக்கு, அதே இடத்தில், தனக்கே பட்டதுபோல எழுந்தது.

அந்த இடங்களில் ஒன்றின் பெயர் இன்சுலா. லத்தீனில் தீவு என்று பொருள். மூளையின் பக்க மடிப்புகளுக்குள் புதைந்து கிடப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இதயத் துடிப்பு, மூச்சு, குடலின் முறுக்கு என்று உடம்பின் உள்ளே நடப்பதெல்லாம் இந்தத் தீவுக்கு வந்து சேர்கிறது. அடுத்தவரின் துயரத்தை நாம் உணர்வதும் இங்கேதான் என்று படித்த அன்று எனக்குப் பாட்டியின் வாய்தான் நினைவுக்கு வந்தது. "வயித்தைப் பிசையுது", "பெத்த வயிறு பத்தி எரியுது" என்பாரே, அவர் எந்தப் படமும் எடுத்துப் பார்க்கவில்லை. இரக்கத்தை வயிற்றில் கொண்டுபோய் வைத்த நம் மொழி, உடம்பு செய்வதைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறது.

அப்படியென்றால் அப்பாவுக்கு ஏன் வயிறு எரியவில்லை? 2006இல் சிங்கரின் குழு இன்னொரு சோதனையை வெளியிட்டது. 16 பெண்கள், 16 ஆண்கள். முதலில் ஒரு பண விளையாட்டு. எதிரே விளையாடியவர்களில் ஒருவர் நேர்மையாக ஆடினார், ஒருவர் ஏமாற்றினார். இருவரும் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள். அப்புறம் அந்த இருவருக்கும் அதிர்ச்சி கொடுப்பதை இயந்திரத்துக்குள் படுத்தபடி பார்க்க வேண்டும். நேர்மையானவருக்கு வலித்தபோது எல்லோருடைய தீவும் விழித்தது. ஏமாற்றியவருக்கு வலித்தபோது ஆண்களிடம் அது வெகுவாக அடங்கிவிட்டது. அதுமட்டுமா, பரிசு கிடைத்தால் துடிக்கும் பகுதி அவர்களிடம் எழுந்தது. பழிவாங்கும் ஆசை கூடியவர்களிடம் அது இன்னும் கூடுதல்.

இது சிறிய ஆய்வு, அதுவும் உடல்வலி பற்றியது. ஆண்கள் பிறப்பிலேயே கல்நெஞ்சர்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரக்கத்துக்கு ஒரு திருகாணி இருக்கிறது, அதைத் திருகுவது தீர்ப்பு. "குற்றம் அவளுடையது" என்று முடிவானால் போதும், கண் பார்ப்பது வயிற்றுக்கு இறங்காது. உளவியலாளர் பெர்னார்ட் வெய்னர் 1988இல் இதைக் கேள்வித்தாள்களை வைத்தே காட்டியிருந்தார். தானாக வந்த துன்பம் என்று நினைத்தால் இரக்கம் வருகிறது. அவரே தேடிக்கொண்டது என்று நினைத்தால் கோபம் வருகிறது.

மகனின் வேலையைப் பறித்தது வெளியே இருந்த யாரோ. மகளுக்கோ வீடு உண்டு, கணவன் உண்டு, கையில் குழந்தையும் உண்டு. பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஏற்கெனவே எழுதி முடித்த மனதுக்கு, அவள் படுத்துக் கிடப்பது விளையாட்டில் ஏமாற்றுவதுபோலத் தெரிகிறது. நாடகத்தில் அழும் பெண்ணின் கதையை அப்பா முதலிலிருந்து பார்க்கிறார், அவளிடம் தேநீரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அங்கே திருகாணி திறந்தே இருக்கிறது.

பெண்ணின் மனநோயை அவள் தலையிலேயே கட்டும் வழக்கம் பழையது. ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதை ஒரு நோயின் பெயராக வைத்திருப்பதை 1980இல்தான் கைவிட்டது. நம் ஊரில் அதன் இடத்தில் பேயும் செய்வினையும் நிற்கின்றன. கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். நூல் கட்டுகிறவர் குளிசையை நிறுத்தச் சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

வாசகியின் அம்மா பற்றியும் ஒரு வரி இருந்தது. மகளோடு சேர்ந்து அழுது அழுது, இப்போது அந்த அறைக்குள் போகவே அஞ்சுகிறாராம். இதுவும் அதே தீவின் வேலைதான். சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணரப் பழகியவர்களுக்கு மனச்சுமைதான் கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு, அவர் நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்தப் பழக்கினார்கள். நம் பௌத்த அயலவர்கள் மெத்தா என்று செய்யும் தியானத்தை ஒட்டிய பயிற்சி அது. சுமை இறங்கியது, மூளையில் வேறு பகுதிகள் விழித்தன. கூட அழுவதும் கூட இருப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

பணம் இருந்தால் எங்கே போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், இயந்திரத்துக்குப் போடுவதற்கு முதல், வீடு தேடி வரும் மிட்வைஃபுக்குப் போடுங்கள் என்பேன். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் வெறும் 10 கேள்விகள். பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. அதைத் தமிழில், மாமியார் பக்கத்தில் இல்லாதபோது, அவசரப்படாமல் கேட்க ஒரு ஆளும் அரை மணி நேரமும் வேண்டும். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண்.

அப்பாவோடு வாதாட வேண்டாம், ஹோர்மோன் இறங்கும் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள் என்று வாசகிக்குப் பதில் எழுதினேன். போன கிழமை மறுமடல் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லையாம். ஆனால் கிளினிக் நாள் காலையில் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாராம். கொப்பியில் கலண்டர் உறை இன்னும் அப்படியே இருக்கிறது.