ஐப்பசி முகூர்த்தமும் ஆவி பூத்த லென்ஸும்

ஐப்பசியில் ஒரு கல்யாணம். விடியற்காலை ஐந்து மணிக்குக் காசி யாத்திரை, மண்டப வாசலில் மழை கொட்டுகிறது. ராத்திரி முழுக்க ஏசி அறையில் கிடந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடையும் தடியுமாக மாப்பிள்ளை கிளம்ப, பெண்ணின் அப்பா வழிமறிக்க, படபடவென்று எடுத்துத் தள்ளினேன். திரையில் பார்த்தால் எல்லாமே ஈரவேட்டி வழியாகப் பார்த்ததுபோல இருக்கிறது. லென்ஸில் ஆவி. துடைத்தேன், அரை நிமிடத்தில் மறுபடியும் பூத்தது. காசிக்குப் போனவர் திரும்பி வந்துவிட்டார், என் லென்ஸ் தெளியவில்லை.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வியர்க்கிறதே, அதே கதைதான். இப்போதெல்லாம் கேமராவைப் பையில் வைத்து, ஜிப்பை மூடி, அரை மணி நேரம் முன்பே ஏசி அறையிலிருந்து வெளியே வைத்துவிடுகிறேன். மூடிய பைக்குள் அது மெல்லச் சூடேறிவிடும். ஆவி பூத்திருக்கும்போது லென்ஸைக் கழற்ற மட்டும் கூடாது. ஈரம் உள்ளேயும் போய்விடும்.

அடுத்தது இருட்டு. என்னிடம் வேலை பழக வரும் தம்பிகள் எல்லோருக்கும் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை, ஏற்றப் பயம், படத்தில் புள்ளி விழுமாம். அதற்குப் பயந்து 800லேயே வைத்துக்கொண்டு ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்கு இறக்குவார்கள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கிறார், படத்தில் கை மூன்றாகத் தெரிகிறது. புள்ளியைக் கம்ப்யூட்டரில் குறைக்கலாம், 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் அச்சானால் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. ஆடிப்போன முகத்தை யாராலும் மீட்க முடியாது. ஆட்கள் நடமாடும் இடத்தில் 1/125க்குக் கீழே நான் இறங்குவதில்லை. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, 1.8, 2 என்று அகலத் திறந்துவிட்டு, ஐஎஸ்ஓ 6400 கேட்டாலும் கொடுத்துவிடுவேன். இந்த வேலைக்குப் பெரிய ஜூம் லென்ஸைவிட அந்த அளவுக்குத் திறக்கும், விலை குறைந்த 50 எம்எம் லென்ஸே மேல்.

ஆனால் சீரியல் லைட்டும் மலிவான எல்இடியும் இருக்கிற பந்தலில் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். அங்கே மட்டும் 1/100இல் வைத்தால் பட்டை அநேகமாகப் போய்விடும்.

மழையிலே நின்றால் "ஃப்ளாஷ் போடுங்க தம்பி" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்க மாட்டார். போட்டால் லென்ஸுக்குப் பக்கத்தில் விழும் துளியெல்லாம் வெள்ளை வெள்ளைப் பந்தாகிவிடும், பின்னால் நிற்கும் ஆளே காணாமல் போவார். மழை படத்தில் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் மழைக்குப் பின்னால் இருக்க வேண்டும். தெருவிளக்கையோ வண்டியின் ஹெட்லைட்டையோ எதிரே வைத்து, இருட்டான சுவர் பின்னணியில் வருமாறு நின்று பாருங்கள். 1/60இல் மழை கோடு கோடாக விழும், 1/500க்கு மேல் துளித் துளியாக நிற்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். இடி மின்னல் என்றால் மொட்டைமாடிக்கும் திறந்தவெளிக்கும் போகவே வேண்டாம்.

செல்போன்காரர்களுக்கு முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. சட்டைப்பை எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விளக்கெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதித் தெரியும். நைட் மோட் சில நொடிகள் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரத்துக்குச் சரி, ஓடும் குழந்தைக்கு உதவாது. முழங்கையைச் சுவரிலோ தூணிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். திரையில் தண்ணீர் பட்டால் அது தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும், அப்போது வால்யூம் பட்டனை அழுத்தி எடுக்கலாம்.

கேமரா நனைந்துவிட்டதா? உடனே அணைத்து பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கும் ஆசைதான் பலருடைய கேமராவைக் கொன்றிருக்கிறது. அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போனால் அது தனிச் செலவு. உலரவைத்து மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம்.

மழைக்காலம் முழுக்க பீரோவில் பூட்டிவைத்த லென்ஸில்தான் ஃபங்கஸ் படர்கிறது. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது ரோஸ் நிறமானால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சிறு தீயில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்கு அதை எடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் அதன் மேல் மார்க்கரில் 'கேமரா' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.