நொதி: எஸ்.ஜி.ஓ.டி. எண் எதை அளக்கிறது?

உடலில் நடக்கும் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதத்தின் பெயர் ‘என்சைம்’. இந்தச் சொல்லை 1870களில் உருவாக்கியவர் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கியூனே. கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘சைமே’ என்றால் மாவைப் புளிக்கவைக்கும் பொருள். தமிழில் ‘நொதி’, இலங்கைப் பாடநூல்களில் ‘நொதியம்’. நுரைத்துப் பொங்கிப் புளிப்பதுதான் நொதித்தல். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது, ஏனென்றால் பெயருக்குள்ளேயே ஒரு வேலை இருக்கிறது.

எஸ்.ஜி.ஓ.டி.யும் ஒரு நொதிதான். இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘எஸ்.ஜி.ஓ.டி. 48’ என்று வந்தால், அது 48 மில்லிகிராம் போன்ற ஓர் எடை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அது வேகம். நொதி வேலை செய்யும் மூலப்பொருளில் ஒரு மைக்ரோமோலை (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு சிறிய அளவு) ஒரு நிமிடத்தில் மாற்றுகிற திறன்தான் ஓர் அலகு. ஒரு லிட்டர் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) அப்படி எத்தனை அலகு என்பதே அந்த எண்.

சரி, வேகம் என்றால் சூழலைப் பொறுத்து மாறுமே? மாறும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க நேரம் எடுப்பதைப் போல, 25 டிகிரியில் மெதுவாக ஓடும் நொதி 37 டிகிரியில் விரைவாக ஓடும். முன்பு 25, 30 டிகிரிகளிலும் சோதித்தார்கள். இப்போது 37தான் வழக்கம். கரைசலின் அமிலத்தன்மையும் கணக்கில் வரும். எஸ்.ஜி.ஓ.டி.க்கு வைட்டமின் பி6-இலிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட் என்ற துணைப்பொருள் வேண்டும். சோதனைக் கரைசலில் அதைச் சேர்க்கும் ஆய்வகத்தில் எண் கூடுதலாகவும், சேர்க்காத இடத்தில் குறைவாகவும் வரலாம், இரத்தம் ஒன்றே என்றாலும். எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், அவற்றுக்குள் இருக்கும் இதே நொதியும் கலந்து எண் ஏறும். அதனால் இரண்டு ஆய்வகத் தாள்களை அருகருகே வைத்துப் பதறாமல், அந்தந்தத் தாளில் அச்சிட்ட இயல்பு வரம்போடு ஒப்பிடுவதே முறை.

1954இல் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகிய ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. உயர்வதைக் காட்டினார்கள். அப்புறம் அது ஈரல் நோய்க்கும் அடையாளமானது. ஆனால் இதயம், ஈரல், தசை எல்லாவற்றிலும் இருப்பதால், எங்கிருந்து கசிந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்று மாரடைப்புக்குப் பார்ப்பது டிரோபோனின் என்ற தசைப் புரதம். அது நொதியே அல்ல. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் (ஆன்டிபாடி) கொண்டு அதன் அளவையே நேரடியாக அளக்கிறார்கள்.